பெயரும் எண்ணும்: அலுவலகக் கணினி வலையமைப்பில் நிர்வாகி கணக்கை இனங்காணும் குறுநிரல் முறை

ஆய்வுச்சுருக்கம்

விண்டோஸ் இயங்குதளத்தில் இயங்கும் அலுவலகக் கணினிகளில் நிர்வாகி கணக்கின் பெயர் கணினிக்குக் கணினி வேறுபடுகிறது. பெயரை நம்பி எழுதப்படும் குறுநிரல் சில கணினிகளில் வெற்றி பெறுகிறது. சிலவற்றில் பிழை காட்டி நிற்கிறது. சிலவற்றில் பிழை எதுவும் காட்டாமல் வேறொரு கணக்கை மாற்றிவிடுகிறது. இம்மூன்றாவது நிலையே மிகுந்த இடர் தருவது. இயங்குதளம் கணக்கைப் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது என்னும் அடிப்படையிலிருந்து குறுநிரலை எவ்வாறு அமைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. எண் தீர்த்துவைக்காத சிக்கல்களையும், தமிழில் அமையும் கணக்குப் பெயர்களுக்கே உரிய குறியேற்றச் சிக்கலையும், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பதன் விளைவையும் இது ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நிர்வாகி கணக்கு, பாதுகாப்பு அடையாள எண், குறுநிரல், பவர்ஷெல், ஒருங்குறி, கடவுச்சொல் மேலாண்மை, போடிநாயக்கனூர்.

முன்னுரை

தேனி மாவட்டம் போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்த ஊர் சிலமலை. இவ்வூரில் ஒரு நிலத்தை அதன் உடைமையாளர் ‘கிணற்றடிப் புஞ்சை’ என்று வழங்கலாம். அடுத்த நிலத்துக்காரர் அதையே ‘புளியமரத்துப் புஞ்சை’ என்று வழங்கலாம். மரம் வெட்டப்பட்ட பின்னும் பெயர் நிற்கும். நிலம் கைமாறினால் பெயரும் மாறும். பத்திரத்திற்கும் பட்டாவிற்கும் இவ்வழக்குப் பெயர்கள் போதா. அங்கே மாவட்டம், வட்டம், கிராமம், நில அளவை எண், உட்பிரிவு எண் என்னும் வரிசையிலேயே நிலம் அறியப்படுகிறது. அளவை எண் ஒரு கிராமத்திற்குள் மட்டுமே தனித்தன்மை உடையது. அதே எண் அடுத்த கிராமத்திலும் இருக்கும். ஆதலின் கிராமத்தின் பெயரைச் சேர்த்தே எண்ணைச் சொல்ல வேண்டும்.

பெயர் மக்கள் வழக்கிற்கு, எண் ஆவணத்திற்கு என்னும் இப்பகுப்பு கணினியின் பயனர் கணக்குகளுக்கும் அப்படியே பொருந்துகிறது. இதனை அறியாமல் எழுதப்படும் குறுநிரல், ‘புளியமரத்துப் புஞ்சையை அளந்து வா’ என்று ஊருக்குப் புதிய நில அளவரை அனுப்புவதற்கு ஒப்பாகும்.

ஏலமலைச் சரிவுகளின் விளைபொருள் வந்துசேரும் சந்தை நகரம் போடிநாயக்கனூர். நறுமணப் பொருள்கள் வாரியத்தின் ஏற்பாட்டில் 2007 முதல் இங்கு ஏலக்காய் ஏலம் மின்னணு முறையில் நடைபெறுகிறது. விலை கூறல், பட்டியலிடல், கணக்கு முடித்தல் ஆகிய பணிகள் கணினிக்கு மாறிய ஒரு நகரத்தில் வணிக அலுவலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிகளும் ஐந்து முதல் இருபது கணினிகள் வரை வலையமைப்பில் இணைத்துக்கொள்வது இயல்பு. இத்தகைய சிறு அலுவலகங்களில் தனியே கணினிப் பொறுப்பாளர் இருப்பது அரிது. கணினிகள் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கடைகளில் வாங்கப்பட்டவையாக இருக்கும். இச்சூழலையே கட்டுரை தன் களமாகக் கொள்கிறது.

1. பெயர் வேறுபடுவதற்கான காரணங்கள்

நிர்வாகி கணக்கின் பெயர் வேறுபடுவதற்கு ஐந்து காரணங்களைச் சுட்டலாம்.

முதலாவது, நிறுவும் முறை. விண்டோஸ் எக்ஸ்பி வரை இயங்குதளத்துடன் பிறக்கும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் உள்ளமைந்த கணக்கு செயல்நிலையில் இருந்தது. 2007இல் பொதுப் பயன்பாட்டிற்கு வந்த விஸ்டா முதல், அக்கணக்கு பிறக்கும்போதே முடக்கப்பட்ட நிலையில் உள்ளது. கணினியை முதலில் அமைப்பவர் தரும் பெயரில் வேறொரு கணக்கு உருவாகி, அதுவே நிர்வாகிகள் குழுவில் சேர்கிறது. விற்பனையாளர் ‘யூசர்’ என்று தருவார். பழுது நீக்குபவர் ‘அட்மின்’ என்று தருவார். அலுவலக எழுத்தர் தம் பெயரையே தருவார்.

இரண்டாவது, மைக்ரோசாஃப்ட் இணையக் கணக்கு. மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு கணினியை அமைத்தால், பயனர் கோப்புறைக்கு அம்முகவரியின் முதல் ஐந்து எழுத்துகளே பெயராகின்றன. கணக்கின் உள்ளூர்ப் பெயரும் பெரும்பாலும் அவ்வாறே அமைகிறது.

மூன்றாவது, பதிப்பின் மொழி. பிரெஞ்சுப் பதிப்பில் உள்ளமைந்த கணக்கின் பெயர் ‘அட்மினிஸ்ட்ராத்தர்’; ஸ்பானியப் பதிப்பில் ‘அட்மினிஸ்ட்ராடோர்’; ஹங்கேரியப் பதிப்பில் ‘ரென்ட்ஸெர்காஸ்தா’. குழுக்களின் பெயர்களும் இவ்வாறே மாறுகின்றன. ஆங்கிலப் பதிப்பின்மேல் தமிழ் இடைமுகத்தைச் சேர்க்கும்போது பட்டிகளும் உரையாடல் பெட்டிகளும் தமிழாகின்றனவேயன்றி இக்கணக்கின் பெயர் மாறுவதில்லை.

நான்காவது, பெயர்மாற்றக் கொள்கை. நிர்வாகி கணக்கிற்கு வேறு பெயர் சூட்டுக என்னும் அமைப்பு விண்டோஸின் பாதுகாப்புக் கொள்கைகளில் நெடுங்காலமாக உள்ளது. சில அலுவலகங்கள் இதனைப் பயன்படுத்துகின்றன.

ஐந்தாவது, மறுநிறுவல். பழுதுற்ற கணினியில் இயங்குதளத்தை மீண்டும் நிறுவுபவர் பழைய பெயரை நினைவில் வைத்திருப்பதில்லை.

இவற்றுள் முதல் காரணம் ஒரு முக்கியமான வேறுபாட்டை உணர்த்துகிறது. ‘உள்ளமைந்த நிர்வாகி கணக்கு’ என்பது ஒன்று. ‘நிர்வாகிகள் குழுவின் உறுப்பினர்’ என்பது மற்றொன்று. முன்னது ஒரு கணினியில் ஒன்றே, பின்னது பல. குறுநிரல் எழுதுபவர் தாம் தேடுவது எது என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

2. எண்ணே அடையாளம்

விண்டோஸ் என்டி காலந்தொட்டு ஒவ்வொரு கணக்கிற்கும் ‘எஸ்ஐடி’ எனப்படும் பாதுகாப்பு அடையாள எண் வழங்கப்படுகிறது. உள்ளூர்க் கணக்கொன்றின் எண் எஸ்-1-5-21 என்று தொடங்கும்; அடுத்து அக்கணினிக்குரிய மூன்று பேரெண்கள் வரும்; இறுதியில் ‘ஆர்ஐடி’ எனப்படும் சார்பு எண் வரும். நில ஆவணத்தோடு ஒப்பிட்டால், நடுவிலுள்ள மூன்று எண்களும் கிராமத்தைப் போன்றவை. இறுதி எண் அளவை எண்ணைப் போன்றது.

இறுதி எண்களுள் சில நிலையானவை. உள்ளமைந்த நிர்வாகி கணக்கின் இறுதி எண் எப்போதும் 500. விருந்தினர் கணக்கிற்கு 501. பின்னர் உருவாக்கப்படும் கணக்குகளின் எண்கள் 1000 முதல் தொடங்குகின்றன. நிர்வாகிகள் குழுவின் எண் எல்லாக் கணினிகளிலும் எஸ்-1-5-32-544 என்பதே. கணக்கிற்கு எப்பெயர் சூட்டினும், பதிப்பு எம்மொழியினதாயினும் இவை மாறுவதில்லை.

கோப்புறை ஒன்றில் ஒருவருக்கு அளிக்கப்படும் அனுமதியும் எண்ணுக்கே அளிக்கப்படுகிறது. ஒரு கணக்கின் பெயரை மாற்றினால் அனுமதிகள் அப்படியே நிற்கும். அக்கணக்கை நீக்கிவிட்டு அதே பெயரில் புதிய கணக்கை உருவாக்கினால் அனுமதிகள் திரும்பா. ஏனெனில் புதிய கணக்கின் எண் வேறு. பெயர் ஒன்றாக இருந்தும் ஆள் வேறு என்பதைக் கணினி நன்கு அறியும். பழைய எண் உரியவரற்ற எண்ணாகக் குழுப் பட்டியலிலும் அனுமதிப் பட்டியலிலும் தங்கிவிடும்.

லினக்ஸிலும் இவ்வடிப்படையே நிலவுகிறது. அங்கே முழு அதிகாரம் ‘ரூட்’ என்னும் பெயருக்கு அன்று, 0 என்னும் பயனர் எண்ணுக்கே உரியது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ் உள்ளிட்ட அனைத்து லினக்ஸ் வழங்கல்களுக்கும் இது பொருந்தும்.

எண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கணினியின் வன்தட்டை அப்படியே படியெடுத்துப் பிற கணினிகளில் பதிக்கும் வழக்கம் பள்ளிக் கணினிக்கூடங்களிலும் அலுவலகங்களிலும் காணப்படுகிறது. ‘சிஸ்பிரெப்’ என்னும் கருவியால் பொதுமைப்படுத்தாமல் படியெடுத்தால் நடுவிலுள்ள மூன்று எண்களும் எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே அமையும். ஆதலின் எந்தக் கணினி என்பதை அறியப் பாதுகாப்பு எண்ணை மட்டும் நம்பாமல் கணினியின் பெயரையோ தொடர் எண்ணையோ சேர்த்துப் பதிதல் வேண்டும்.

3. பெயரை நம்பும் குறுநிரல் தவறும் விதம்

விளக்கத்திற்காக ஐந்து கணினிகள் உடைய அலுவலகம் ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். அனைத்திலும் நிர்வாகி கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். குறுநிரல், ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் பெயருடைய கணக்கைத் தேடிக் கடவுச்சொல்லை மாற்றுமாறு எழுதப்பட்டுள்ளது.

முதல் கணினியில் உள்ளமைந்த கணக்கு அதே பெயரில் செயல்நிலையில் உள்ளது. குறுநிரல் வெற்றி பெறுகிறது.

இரண்டாம் கணினியில் அக்கணக்கு ‘ஆபீஸ்’ என்று பெயர் மாற்றப்பட்டுள்ளது. அப்பெயரில் கணக்கு இல்லை என்னும் பிழைச்செய்தி வருகிறது. இது நேர்மையான தோல்வி. கண்டறிந்து திருத்த இயலும்.

மூன்றாம் கணினியில் உள்ளமைந்த கணக்கு முடக்கப்பட்டுள்ளது. அன்றாடம் பயன்படும் நிர்வாகி கணக்கு ‘யூசர்’ என்பது. குறுநிரல் முடங்கிய கணக்கின் கடவுச்சொல்லை மாற்றி, வெற்றி என்று அறிவிக்கிறது. பயன்பாட்டிலுள்ள கணக்கின் பழைய கடவுச்சொல் அப்படியே நிற்கிறது.

நான்காம் கணினியில் உள்ளமைந்த கணக்கிற்கு வேறு பெயர் சூட்டப்பட்டு, ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் பெயரில் அதிகாரமற்ற போலிக் கணக்கு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. ஊடுருவுவோரைத் திசைதிருப்பப் பாதுகாப்பு வழிகாட்டிகள் பரிந்துரைத்த பழைய உத்தி இது. குறுநிரல் போலிக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு இங்கும் வெற்றி என்றே அறிவிக்கிறது.

ஐந்தாம் கணினியில் பிரெஞ்சுப் பதிப்பு உள்ளது, மீண்டும் பிழைச்செய்தி.

பதிவேட்டில் மூன்று வெற்றிகளும் இரண்டு தோல்விகளும் பதிவாகும். உண்மையில் நோக்கம் நிறைவேறியது ஒரு கணினியில் மட்டுமே. பணியிலிருந்து விலகிய ஒருவர் பழைய கடவுச்சொல்லை அறிந்திருந்தார் என்பதற்காக இம்மாற்றம் செய்யப்பட்டிருப்பின், நான்கு கணினிகள் அவருக்கு இன்னும் திறந்தே உள்ளன. அவற்றுள் இரண்டு மூடப்பட்டுவிட்டதாக அலுவலகம் நம்பிக்கொண்டிருக்கும்.

4. எண்ணைக் கொண்டு தேடும் முறை

இக்குறைகளைக் களையும் குறுநிரல் பின்வரும் படிநிலைகளில் அமைதல் வேண்டும்.

(அ) கணினியின் வகையை அறிதல்: வலையமைப்பு முழுவதற்கும் பயனர்களை ஆளும் ‘டொமைன் கன்ட்ரோலர்’ வழங்கியில் உள்ளூர்க் கணக்கு என்று தனியே எதுவும் இல்லை. அங்கே 500 என முடியும் கணக்கு டொமைன் முழுவதற்குமான நிர்வாகி. அதன் கடவுச்சொல்லைத் தவறுதலாக மாற்றினால் அலுவலகம் முழுவதும் பாதிக்கப்படும். ஆதலின் குறுநிரல் முதலில் இயங்குதளத்தின் வகை எண்ணைக் கேட்டறிந்து, அது டொமைன் கன்ட்ரோலரைக் குறிக்கும் 2 ஆயின் உடனே நின்றுவிட வேண்டும்.

(ஆ) உள்ளூர்க் கணக்குகளை மட்டும் பெறுதல்: பவர்ஷெல் 5.1இல் ‘கெட்-லோக்கல்யூசர்’ என்னும் கட்டளை இதற்கு உரியது. பவர்ஷெல் 2.0 உடன் வெளிவந்த விண்டோஸ் 7இல் இக்கட்டளை இல்லை. அங்கே டபிள்யூஎம்ஐ வழியாக ‘வின்32 யூசர்அக்கவுன்ட்’ வகுப்பைக் கேட்கலாம். கேட்கும்போது ‘உள்ளூர்க் கணக்கு மட்டும்’ என்னும் வடிகட்டியைத் தவறாது சேர்க்க வேண்டும். சேர்க்காவிடின், டொமைனில் இணைந்த கணினி டொமைனின் எல்லாப் பயனர்களையும் பட்டியலிட முயலும், நேரம் மிகும், 500 என முடியும் டொமைன் கணக்கும் விடையில் கலந்துவிடும்.

(இ) எண்ணின் முடிவை ஒப்பிடுதல்: பெறப்பட்ட கணக்குகளுள் பாதுகாப்பு எண் ‘-500’ என முடியும் ஒன்றைத் தேர்தல் வேண்டும். இடையிலுள்ள சிறுகோட்டையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். ‘500’ என்று மட்டும் ஒப்பிட்டால் 1500 என்னும் எண்ணுடைய சாதாரணக் கணக்கும் பொருந்திவிடும்.

(ஈ) நிலையைச் சோதித்தல்: தேர்ந்த கணக்கு செயல்நிலையில் உள்ளதா, முடங்கியுள்ளதா என்பதைப் பதிதல் வேண்டும். முடங்கியிருப்பின் அதனை இயக்கத் தேவையில்லை, முடங்கியிருத்தலே பாதுகாப்பு.

(உ) குழு உறுப்பினரைப் பட்டியலிடுதல்: எஸ்-1-5-32-544 என்னும் எண்ணைக் கொடுத்து நிர்வாகிகள் குழுவின் உறுப்பினர்களைப் பெறலாம். குழுவின் பெயரைக் கொடுக்கத் தேவையில்லை. ‘கெட்-லோக்கல்குரூப்மெம்பர்’ என்னும் கட்டளை, உரியவரற்ற பழைய எண் குழுவில் தங்கியிருந்தால் முழுப் பட்டியலையும் தராமல் பிழையுடன் நின்றுவிடும் குறையுடையது. மறுநிறுவலும் கணக்கு நீக்கமும் மிகுந்த அலுவலகங்களில் இது அடிக்கடி நேரும். பிழை நேர்ந்தால் மாற்று வழியில் பட்டியலைப் பெறும் ஏற்பாடு குறுநிரலில் இருத்தல் வேண்டும்.

(ஊ) செய்ததைப் பதிதல்: கணினியின் பெயர், தொடர் எண், கணக்கின் பெயர், கணக்கின் எண், நிலை, நாள் ஆகியவற்றை ஒரு வரியாகப் பதிவுசெய்தல் வேண்டும். ‘வெற்றி’ என்னும் ஒற்றைச் சொல் பதிவாகாது. எந்த எண்ணுடைய கணக்கு மாற்றப்பட்டது என்பதே பதிவு. மேற்கூறிய ஐந்து கணினி எடுத்துக்காட்டில் இவ்வொரு செய்தி பதிவாகியிருந்தால், நான்காம் கணினியில் மாறியது 1000க்கு மேற்பட்ட எண்ணுடைய கணக்கு என்பது உடனே வெளிப்பட்டிருக்கும்.

5. வெளியிலிருந்து நுழையும் சிக்கல்

மேற்கண்ட முறை குறுநிரல் அந்தந்தக் கணினியின் உள்ளே இயங்கும்போது குறைவின்றிப் பொருந்தும். ஒரு கணினியில் அமர்ந்து மற்றக் கணினிகளை ஆள முனையும்போது புதிய சிக்கல் எழுகிறது. தொலைவிலுள்ள கணினியினுள் நுழையப் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. பெயரை அறிய உள்ளே நுழைய வேண்டும். சாவியை வீட்டினுள் வைத்துக் கதவைப் பூட்டிய நிலை இது.

எண்ணைக் கொண்டு வெளியிலிருந்தே பெயரைக் கேட்டறிவது முற்காலத்தில் எளிதாக இருந்தது. பெயர்மாற்றம் பாதுகாப்பு ஆகாது என்பதற்கு அதுவே சான்றாகவும் விளங்கியது. 2016இல் வெளிவந்த விண்டோஸ் 10இன் 1607ஆம் பதிப்பு முதல், கணக்குப் பட்டியலைத் தொலைவிலிருந்து கேட்கும் உரிமை நிர்வாகிகளுக்கு மட்டுமே இயல்பாக உண்டு. ஆகவே இவ்வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

டொமைன் அமைந்த அலுவலகத்தில் விடை எளிது. குரூப் பாலிசி வழியாகத் தொடக்கக் குறுநிரலாக அமைத்தால், ஒவ்வொரு கணினியும் இயங்கத் தொடங்கும்போது குறுநிரல் ‘சிஸ்டம்’ என்னும் கணக்கின் அதிகாரத்தோடு அதனுள்ளேயே இயங்கும். எவருடைய பெயரும் கடவுச்சொல்லும் அதற்குத் தேவையில்லை.

டொமைன் இல்லாத சிறு அலுவலகத்தில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, கடவுச்சொல் இல்லாத கணக்கைக் கொண்டு வலையமைப்பின் வழியே நுழைய விண்டோஸ் இயல்பாக இடந்தருவதில்லை. இரண்டாவது, விஸ்டா முதல் நடைமுறையிலுள்ள பயனர் கணக்குக் கட்டுப்பாடு தொலைவிலிருந்து வரும் உள்ளூர் நிர்வாகியின் அதிகாரத்தைக் குறைத்தே உள்ளே விடுகிறது. பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருந்தும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்னும் விடை வருவது இதனால்தான். 500 எண்ணுடைய கணக்கிற்கு மட்டும் இக்கட்டுப்பாடு இயல்பாகப் பொருந்துவதில்லை. இருவரும் ஒரே குழுவின் உறுப்பினர். இருவருக்கும் ஒரே அதிகாரம் எனத் தோன்றும். ஆயினும் இறுதி எண்ணே வேறுபாட்டைத் தீர்மானிக்கிறது. மூன்றாவது, விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பு டொமைனில் இணையும் வசதி அற்றது.

இத்தடையை நீக்கப் பதிவேட்டில் ஒரு மதிப்பை மாற்றி, எல்லா உள்ளூர் நிர்வாகிகளுக்கும் தொலைநிலையில் முழு அதிகாரம் அளிக்கும் வழக்கம் உண்டு. இது குறுநிரலுக்கு வழிவிடும். கடவுச்சொல்லைத் திருடியவருக்கும் அவ்வாறே வழிவிடும். அறிந்த பெயர்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக முயன்றுபார்க்கும் குறுநிரலும் விரும்பத்தக்கதன்று. தவறான முயற்சிகள் மிகுந்தால் கணக்குகள் பூட்டப்படும். முன்னர்ப் பூட்டப்படாதிருந்த 500 எண்ணுடைய கணக்கையும் பூட்டும் கொள்கை அமைப்பு 2022 அக்டோபர் முதல் விண்டோஸில் உள்ளது.

ஐந்து முதல் இருபது கணினிகள் உள்ள அலுவலகத்தில் பாதுகாப்பான வழி, ஒருமுறை ஒவ்வொரு கணினியின் முன்னும் அமர்ந்து மேற்கண்ட குறுநிரலை இயக்கிப் பதிவேடு ஒன்றை உருவாக்குவதே. ஒரு நாள் உழைப்பு அது. அதன்பின் எக்கணினியில் எப்பெயர் என்பது ஊகமாக இராது, ஆவணமாக இருக்கும்.

6. தமிழ்ப் பெயர்களில் எழும் தனிச்சிக்கல்

விண்டோஸ் கணக்கிற்குத் தமிழிலும் பெயர் சூட்டலாம். அலுவலக மொழி தமிழாக உள்ள இடங்களில் இது விரும்பத்தக்கதும்கூட. ஆயின் பெயரை ஒப்பிடும் குறுநிரல்களுக்குத் தமிழில் கூடுதலாக மூன்று இடர்கள் உள்ளன.

முதலாவது, ஒரே தோற்றத்திற்கு இரு குறியேற்றங்கள். ஒருங்குறியில் ‘பொ’ என்னும் எழுத்தைப் பகரத்தோடு ஒகரக் குறியைச் சேர்த்து இரண்டு குறியெண்களாக எழுதலாம். பகரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்து மூன்று குறியெண்களாகவும் எழுதலாம். எது பதிவாகும் என்பது விசைப்பலகை மென்பொருளைப் பொறுத்தது. இவ்விரண்டும் நிகரானவை என்று ஒருங்குறி கூறினும், குறியெண்களை நேரடியாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு பெயர்களே. ‘பொறுப்பாளர்’ என்று திரையில் தெரியும் கணக்கை, ‘பொறுப்பாளர்’ என்று எழுதித் தேடியும் காணாத விந்தை இதனால் நிகழும்.

இரண்டாவது, நீளம். விண்டோஸ் உள்ளூர்க் கணக்கின் பெயர் 20 குறியெண்களுக்கு மிகுதல் கூடாது. தமிழில் உயிர்மெய்யெழுத்து பெரும்பாலும் இரண்டு குறியெண்களைக் கொள்ளும், மெய்யெழுத்தும் அவ்வாறே. ‘அலுவலகப் பொறுப்பாளர்’ என்பது இடைவெளி நீங்கலாகப் பன்னிரண்டு எழுத்துகளே. குறியெண்களோ இடைவெளியையும் சேர்த்துச் சரியாக 20. ‘பொ’ என்பதை மூன்று குறியெண்களாக எழுதினால் 21 ஆகிவிடும். ஒரே பெயரை ஒரு கணினி ஏற்கும், மற்றொரு விசைப்பலகையில் தட்டச்சிட்டால் ஏற்காது என்னும் நிலை இவ்வாறு உருவாகிறது.

மூன்றாவது, குறுநிரல் கோப்பின் குறியேற்றம். பவர்ஷெல் 5.1, கோப்பின் தொடக்கத்தில் யூடிஎஃப்-8 என்பதற்கான அடையாளம் இல்லையெனில், கோப்பைப் பழைய எட்டுத்துண்டுக் குறியேற்றமாகவே படிக்கிறது. அம்முறையில் தமிழுக்கு இடமே இல்லை. குறுநிரலில் எழுதிய தமிழ்ப் பெயர் பொருளற்ற குறிகளாக மாறிப்போகும். ஆகவே அடையாளத்துடன் கூடிய யூடிஎஃப்-8 வடிவில் கோப்பைச் சேமித்தல் வேண்டும்.

தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்ட பின்னர் எழுத்துரு வேறுபாட்டுச் சிக்கல் பெருமளவு குறைந்தது. எனினும் ஒருங்குறிக்குள்ளேயே எஞ்சியுள்ள இவ்வேறுபாடு கணக்குப் பெயர், கோப்புப் பெயர், தரவுத்தளத் தேடல் ஆகிய அனைத்திலும் தொடர்கிறது. எண்ணைக் கொண்டு தேடும் குறுநிரலில் தமிழ்ப் பெயர் இடம்பெறுவதே இல்லை. ஆதலின் இம்மூன்று இடர்களும் அங்கு எழுவதில்லை. கணினியைத் தமிழில் பயன்படுத்த விரும்புவோர்க்கு எண்வழித் தேடல் தடையன்று, துணையே எனலாம்.

7. ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்: எளிமையின் விலை

பெயர் வேறுபாடே சிக்கலாயின், எல்லாக் கணினிகளிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைத்துவிட்டால் என்ன என்னும் வினா இயல்பாக எழும். பல அலுவலகங்கள் தேர்ந்துகொள்ளும் வழியும் இதுவே. ஒரே பெயர் வைப்பதில் தீங்கில்லை. ஒரே கடவுச்சொல் வைப்பதே தீங்கு.

விண்டோஸ் கடவுச்சொல்லை ஹாஷ் எனப்படும் மாற்றுருவில் சேமிக்கிறது. ஒரு கணினியில் நிர்வாகி அதிகாரம் பெற்ற தீநிரல் அம்மாற்றுருவை எடுத்து, கடவுச்சொல்லை அறியாமலேயே, அதே கடவுச்சொல் உடைய பிற கணினிகளில் நுழைய இயலும். 2017 ஜூன் 27 அன்று உக்ரைனிலிருந்து பரவிய ‘நாட்பெட்யா’ தீநிரல் இயங்குதளக் குறைபாடு ஒன்றைப் பயன்படுத்தியதோடு, தாக்குண்ட கணினியிலிருந்து நுழைவுத் தகவல்களைத் திரட்டி, விண்டோஸின் இயல்பான நிர்வாகக் கருவிகளின் வழியாகவே அடுத்த கணினிகளுக்குத் தாவியது. மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் இதனால் முடங்கியபோது, மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் இயக்கிய சரக்குப்பெட்டக முனையத்தின் பணியும் நிலைகுலைந்தது. ஒரு கணினியின் திறவுகோல் எல்லாக் கணினிகளையும் திறக்கும் நிலை எத்தகைய விளைவைத் தரும் என்பதற்கு இந்தியாவிலேயே அமைந்த சான்று இது.

கடவுச்சொல்லைக் குறுநிரலுக்குள்ளேயே எழுதிவைப்பதும் இதற்கு ஒப்பான தவறே. குரூப் பாலிசி விருப்பங்கள் என்னும் வசதி, உள்ளூர் நிர்வாகியின் கடவுச்சொல்லை மறையாக்கம் செய்து எல்லாப் பயனர்களும் படிக்கத்தக்க பொதுக் கோப்புறையில் வைத்தது. அம்மறையின் திறவுகோல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆவணத்திலேயே இருந்தமையால் எவரும் அதனைத் திறக்க முடிந்தது. 2014 மே மாதம் வெளியான பாதுகாப்புத் திருத்தம் அவ்வழியை மூடியது. முன்னரே எழுதப்பட்டிருந்த கோப்புகளை அத்திருத்தம் நீக்கவில்லை. அவற்றை நிர்வாகிகளே தேடி நீக்க வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றாக 2015இல் ‘லேப்ஸ்’ என்னும் கருவி வெளிவந்தது. 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸின் உறுப்பாகவே சேர்க்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு கணினிக்கும் வேறு வேறு கடவுச்சொல்லை உருவாக்கி, குறித்த காலத்தில் மாற்றி, உரியவர் மட்டும் காணுமாறு அது சேமிக்கிறது. இக்கட்டுரையின் நோக்கிலிருந்து அதன் அமைப்பில் குறிப்பிடத்தக்க செய்தி ஒன்று உண்டு. நிர்வகிக்க வேண்டிய கணக்கின் பெயரைக் குறிப்பிடாமல் விட்டால், உள்ளமைந்த கணக்கை அது எண்ணைக் கொண்டே கண்டறிகிறது. கணக்கின் பெயர் மாற்றப்பட்டிருந்தாலும் இம்முறை தவறுவதில்லை.

மேலும், உள்ளூர்க் கணக்குகள் அனைத்தையும் குறிக்கும் எஸ்-1-5-113, அவற்றுள் நிர்வாகிகளை மட்டும் குறிக்கும் எஸ்-1-5-114 என்னும் பொது எண்கள் விண்டோஸ் 8.1 முதல் உள்ளன. இவற்றைக் கொண்டு, உள்ளூர் நிர்வாகி எவராயினும் வலையமைப்பின் வழியே நுழைதல் கூடாது என்று ஒரே வரியில் விதிக்கலாம். எப்பெயர் எக்கணினியில் உள்ளது என்று அறியாமலேயே எல்லாப் பெயர்களையும் அவ்விதி கட்டுப்படுத்தும்.

டொமைனோ மைக்ரோசாஃப்டின் மேகவழி அடையாளச் சேவையோ இல்லாத சிறு அலுவலகத்தில் லேப்ஸ் பயன்படாது. அங்கே கணினிக்கு ஒன்றாக வேறு வேறு நீண்ட கடவுச்சொற்களை உருவாக்கி, கடவுச்சொல் மேலாண்மை மென்பொருளிலோ பூட்டிய பேழையிலுள்ள ஏட்டிலோ வைத்திருத்தல் போதும். ஏடு எழுதுவது பழைய முறை என்று ஒதுக்கத்தக்கதன்று. வலையமைப்பின் வழியே பரவும் தீநிரல் பேழையைத் திறப்பதில்லை.

முடிவுரை

நிர்வாகி கணக்கின் பெயர் வேறுபடுவதற்கு நிறுவும் முறை, மொழி, கொள்கை, மறுநிறுவல் எனப் பல காரணங்கள் உள்ளன; அவ்வேறுபாட்டை முற்றிலும் தவிர்க்க இயலாது. இயங்குதளம் கணக்கை எண்ணால் அறிவதால், குறுநிரலும் 500, 544 என்னும் நிலையான எண்களைக் கொண்டே தேடுதல் வேண்டும். உள்ளமைந்த கணக்கும் நிர்வாகிகள் குழுவின் உறுப்பினரும் வேறு வேறு என்பதை உணர்ந்து இரண்டையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். தொலைவிலிருந்து நுழைவதற்குரிய சிக்கலை எண் தீர்ப்பதில்லை. டொமைன் உள்ள இடத்தில் தொடக்கக் குறுநிரலும், இல்லாத இடத்தில் நேரில் சென்று உருவாக்கும் பதிவேடும் அதற்கு ஏற்ற வழிகளாகும். தமிழ்ப் பெயர்களின் குறியேற்ற வேறுபாடு எண்வழித் தேடலின் தேவையை மேலும் வலுப்படுத்துகிறது.

இவையனைத்தினும் முதன்மையானது பதிவேட்டில் எழுதப்படும் சொல்லின் நேர்மை. தோற்ற குறுநிரலைத் திருத்திக்கொள்ளலாம்; தவறான கணக்கை மாற்றிவிட்டு வெற்றி என்று அறிவித்த குறுநிரலை எவரும் மீண்டும் பார்ப்பதில்லை. நிலத்தை அளந்தவர் அளவை எண்ணை எழுதிக் கையொப்பமிடுவதுபோல, குறுநிரலும் தான் தொட்ட கணக்கின் எண்ணை எழுதிச் செல்லுதல் வேண்டும். பெயர்கள் அவரவர் விருப்பம்போல் வேறுபடட்டும். கடவுச்சொற்கள் கட்டாயம் வேறுபடட்டும். ஆவணத்தில் மட்டும் எண் நிலைபெறட்டும்.